ஆன்டிபயாடிக் கேக்குது, ஆனா புண் திரும்ப வருது: வெள்ளை அணுவுக்கு கைகொடுக்குற புது மருந்துகள் பத்தி

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 61 வயசு, ரொம்ப வருஷமா சுகர். கால் பெருவிரலுக்கு அடியில புண் வந்து சீழ் வச்சுடுச்சு. கல்ச்சர்ல எம்ஆர்எஸ்ஏ, அதாவது பல மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமின்னு வந்துச்சு. வான்கோமைசின் ட்ரிப் ரெண்டு வாரம் போட்டாங்க, ஆறிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம். மூணே மாசத்துல அதே இடத்துல திரும்ப வந்திருக்கு. இந்த தடவை ரிப்போர்ட்லயும் வான்கோமைசினுக்கு கேக்கும்னுதான் போட்டிருக்கு, அப்புறம் ஏன் திரும்ப வருது? கிருமிய நேரா கொல்லாம நம்ம வெள்ளை அணுவை அங்க வரவச்சு கொல்ல வைக்கிற புது மருந்து வருதுன்னு படிச்சேன், அது எங்க கிடைக்கும், அதுவரைக்கும் காத்திருக்கலாமா? சித்தப்பா வேற இம்யூனிட்டி ஏத்துற கேப்ஸ்யூல்னு ஒரு டப்பா வாங்கிட்டு வந்து வச்சிருக்கார். அப்பா ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டு அதை ஆரம்பிக்கலாம்னு பாக்கறார். என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

பதில்: கடைசியில கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்மா, ஏன்னா அதுலதான் அவசரம் இருக்கு. காத்திருக்காதீங்க, ஆன்டிபயாடிக்கை நிறுத்தவும் விடாதீங்க. நீங்க படிச்சது பொய் இல்ல, நல்ல ஆராய்ச்சிதான், ஆனா அது எலிக்கு வேலை செஞ்ச கட்டத்துல இருக்கு, இன்னிக்கு எந்த ஆஸ்பத்திரி ஃபார்மசியிலயும் போய் கேட்டு வாங்குற பொருள் இல்ல.

அதே இடம், அதே கிருமி, மூணு மாசம்னு நீங்க எழுதினதை படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது எலும்பு. பெருவிரல் அடியில தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல சதை ரொம்ப கம்மி, சுகர் புண் கொஞ்சம் ஆழமா போனாலே எலும்புல போய் உக்காந்துடும், மேல தோல் மூடிக்கும், பாக்கறவங்களுக்கு ஆறின மாதிரி தெரியும். அடுத்த தடவை டாக்டரை பாக்கும்போது "எலும்புக்கு போயிருக்கான்னு பாத்தீங்களா"ன்னு நேரா கேளுங்க. நுனி மழுங்கின ஒரு ஸ்டீல் கம்பிய சுத்தம் பண்ணி புண்ணுக்குள்ள மெதுவா விட்டு பாப்பாங்க, அடியில கெட்டியா தட்டுச்சுன்னா சந்தேகம் பலமாகும். கூட ஈஎஸ்ஆர்ங்கற ரத்த டெஸ்ட், ஒரு எக்ஸ்ரே. ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலாதான் இருக்கும், எலும்பு அரிக்கிறது படத்துல தெரியுறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும், அதனால நார்மல்னு வந்தா உடனே நிம்மதி ஆகிடாம தேவைப்பட்டா எம்ஆர்ஐ, இல்ல கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப எக்ஸ்ரே. இது ஏன் முக்கியம்னா, சதையில மட்டும் இன்ஃபெக்ஷன்னா ஒரு வாரம் ரெண்டு வாரம் மருந்து போதும்னுதான் சர்வதேச சுகர் கால் வழிகாட்டுதல் சொல்லுது, எலும்புல இன்ஃபெக்ஷன் இருந்து அந்த எலும்பை எடுக்காம விட்டா ஆறு வாரம். முதல் தடவை பாத்தவங்க தப்பு பண்ணாங்கன்னு சொல்ல வரல, அப்போ எலும்புக்கு போகாமலே இருந்திருக்கலாம்.

இப்போ "ரிப்போர்ட்ல கேக்கும்னு இருக்கு, அப்புறம் ஏன்"ங்கற கேள்வி. இது ரொம்ப நல்ல கேள்வி, நீங்க படிச்ச புது மருந்துக்கும் இதுதான் வேர்.

அந்த ரிப்போர்ட் எப்படி தயாராகுதுன்னு பாருங்க. உங்க அப்பா புண்ணுல இருந்து எடுத்த கிருமிய லேப்ல வளத்து, மாட்டிறைச்சி சாறு, பால் புரதம், ஸ்டார்ச் எல்லாம் கலந்த ஒரு திரவத்துல போட்டு, வரிசையா சின்ன குழிகள்ல மருந்தோட அளவை ரெண்டு ரெண்டு மடங்கா ஏத்திக்கிட்டே போவாங்க. 35 டிகிரியில வச்சு மறுநாள் பாத்தா கலங்கியிருக்குற குழியில கிருமி வளந்திருக்கு, தெளிவா இருக்குற குழியில வளரல. எம்ஆர்எஸ்ஏ வகை கிருமிக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வான்கோமைசின், இல்ல அதுக்கும் கம்மியிலயே வளர்ச்சி நின்னுச்சுன்னா "கேக்கும்"னு எழுதிடுவாங்க. அவ்வளவுதான் அந்த வார்த்தைக்கு பின்னாடி இருக்குறது. அந்த குழியில ரத்தம் இல்ல, வெள்ளை அணு இல்ல, எலும்பு இல்ல, உங்க அப்பாவோட சுகர் இல்ல. மருந்தும் கிருமியும் தனியா மோதுனா யார் ஜெயிப்பாங்கன்னு அது சொல்லுது. உடம்புக்குள்ள ரெண்டும் தனியா மோதுறதே கிடையாது.

டெஸ்ட் பொய்னு அர்த்தம் இல்ல, அது இல்லாம என்னால ஒரு நாள் கூட வேலை பாக்க முடியாது. ஆனா அது பாதி படம். இதுக்கு ஒரு வேடிக்கையான எதிர் உதாரணம் கூட இருக்கு: அசித்ரோமைசின் தெரியும் இல்லையா, சளிக்கு கூட எழுதித் தள்றாங்களே அந்த மாத்திரைதான், மருந்துக்கு அடங்காத, கிராம்-நெகட்டிவ்ங்கற வேற வகையைச் சேந்த சில கிருமிகளுக்கு அது லேப் திரவத்துல துளி கூட கேக்காது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ குழு 2015-ல அதே டெஸ்ட்டை உடம்புத் திரவத்துக்கு நெருக்கமான ஒரு கலவையில, நம்ம வெள்ளை அணு சுரக்குற எல்எல்-37 ங்கற ஒரு சின்ன புரதத்தை சேத்து பண்ணிப் பாத்தாங்க, செத்துடுச்சு. எலி நுரையீரல்லயும் உதவுச்சு. இதைப் படிச்சிட்டு எல்லாத்துக்கும் அசித்ரோமைசின் வாங்கி போட்டுக்காதீங்க, நான் சொல்ல வர்றது நம்ம கண்ணாடிக் குழியில மருந்தை தேடுறப்போ கூட்டாளியை வெளிய நிக்க வச்சிட்டுதான் தேடிட்டு இருந்திருக்கோம்ங்கறதுதான்.

அந்த கூட்டாளி யாருன்னா பெரும்பாலும் நியூட்ரோஃபில். வெள்ளை அணுக்கள்ல அதிகமா இருக்குறது இதுதான். எலும்பு மஜ்ஜையில ஒரு நாளைக்கு சுமார் 10,000 கோடி உற்பத்தியாகுது, ஒவ்வொண்ணும் கொஞ்ச காலம்தான் உயிரோட இருக்கும், காயம் பட்ட இடத்துக்கு ரத்தக்குழாய் சுவரை நெரிச்சிக்கிட்டு வெளிய வந்து, கிருமிய சுத்தி தன் உடம்பையே மடிச்சு உள்ள இழுத்து, ஒரு சின்ன பைக்குள்ள அடைச்சு, அந்த பைக்குள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு, பிளீச்சுல இருக்குற அதே ஹைப்போகுளோரஸ் ஆசிட், புரதத்தை அரிக்கிற நொதின்னு எல்லாத்தையும் கொட்டும். அப்பா கால்ல வந்த சீழ் இருக்கு பாருங்க, அது பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோஃபில்தான். சீழ் லேசா பச்சையா தெரியறது கூட அந்த ஆசிட்டை தயாரிக்கிற நொதியோட நிறம், அதுவே பச்சை. 1950-கள்ல அமெரிக்காவுல வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல டேவிட் ராஜர்ஸ் மைக்ராஸ்கோப் வழியா பிடிச்ச ஒரு துண்டு படம் இருக்கு, சிவப்பு அணுக்களுக்கு நடுவுல ஒரு நியூட்ரோஃபில் உங்க அப்பாவுக்கு வந்த அதே ஸ்டாஃபைலோகாக்கஸ் வகை கிருமிய துரத்துது, கிருமி திரும்புற பக்கம் எல்லாம் இதுவும் திரும்புது, இடிச்ச சிவப்பு அணு ஒதுங்குது, கடைசியில ஒரே முழுங்கு. எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கறதில்ல.

ஆன்டிபயாடிக் கிருமியோட எண்ணிக்கைய குறைக்குது, இல்ல பெருகாம நிறுத்துது, மிச்சத்தை கூட்டி பெருக்கி வெளிய தள்றது வெள்ளை அணு. டெட்ராசைக்ளின் மாதிரி பல மருந்து கிருமிய கொல்றதே இல்ல, வளராம நிறுத்திட்டு இருக்கும், ஆனாலும் ஆள் குணமாகறார், ஏன்னா மீதி வேலைய உடம்பு முடிச்சிடுது. வெள்ளை அணு சரியா போய் சேர முடியாத இடத்துல, உதாரணமா இதய வால்வு மேல கிருமி படிஞ்சிடுச்சுன்னா, கிருமிய கொல்ற மருந்தையே நரம்பு வழியா பல வாரம் கொடுத்தாதான் அடங்கும். பிறவியிலேயே அந்த ஆசிட் உருவாக்குற வழி பழுதான குழந்தைங்க இருக்காங்க, அந்த நோய்க்கு பேர் சிஜிடி, அவங்க நியூட்ரோஃபில் போகும், முழுங்கும், ஆனா கொல்லாது. எத்தனை நல்ல ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் ஸ்டாஃப், அதான் அந்த ஸ்டாஃபைலோகாக்கஸ், திரும்ப திரும்ப வந்துட்டே இருக்கும்.

இந்த ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கண்டுபிடிச்சதுதான். 1908-ல மருத்துவ நோபல் பரிசை ரெண்டு பேருக்கு பிரிச்சு கொடுத்தாங்க, ஒருத்தர் கிருமிய முழுங்குற அணுவை கண்டுபிடிச்ச மெச்னிகாஃப், இன்னொருத்தர் கிருமிய மட்டும் குறி பாத்து அடிக்கிற மருந்து சாத்தியம்னு சொன்ன பால் எர்லிக். அப்புறம் பெனிசிலின் வந்துச்சு, அது அவ்வளவு பிரமாதமா வேலை செஞ்சதால எல்லாரும் எர்லிக் பக்கமே சாஞ்சுட்டோம். இப்போ அந்த மருந்துகள் கேக்காம போயிட்டு இருக்கு, 2019-ல மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா 12.7 லட்சம் பேர் உலகம் பூரா செத்திருக்காங்கன்னு லான்செட் மருத்துவ இதழ்ல கணக்கு வந்துச்சு, அதனால மெச்னிகாஃப் பக்கம் திரும்பி பாக்கறாங்க. என்னைக் கேட்டா லேட்டு.

சரி, வெள்ளை அணு இவ்வளவு கெட்டிக்காரன்னா ஸ்டாஃப் எப்படி தப்பிக்குது? இங்கதான் விஷயம் சுவாரசியம். ஸ்டாஃப் மனுஷ மூக்குலயும் தோல்லயும் காலங்காலமா குடியிருக்குற கிருமி, நம்ம நியூட்ரோஃபில் வேலை செய்யற ஒவ்வொரு படிக்கும் அது ஒரு தடை வச்சிருக்கு. நியூட்ரோஃபில் கிருமி இருக்குற திசைய மோப்பம் பிடிக்கிறது ஒருவகை புரதத் துண்டை வச்சு. பாக்டீரியா எந்த புரதம் செஞ்சாலும் ஃபார்மைல் மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலத்துல ஆரம்பிக்கும், நம்ம செல் அப்படி பண்ணாது, செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா மட்டும்தான் விதிவிலக்கு, அதோட பூர்வீகம் பாக்டீரியா. அந்த துண்டோட வாடை வந்தா நியூட்ரோஃபில் அந்தப் பக்கம் ஓடும். பல ஸ்டாஃப் ரகங்கள் ஒரு புரதத்தை வெளிய விட்டு அந்த மோப்பம் பிடிக்கிற ரிசப்டரையே அடைச்சிடுது. அப்படியும் வந்து சேந்தா, முழுங்கறதுக்கு ஆன்டிபாடி, அதாவது கிருமிய அடையாளம் காட்ட உடம்பு செய்யற புரதம், ஒட்டியிருக்கணும், ஆன்டிபாடியோட ஒரு முனை கிருமியிலயும் மறுமுனை வெள்ளை அணு பிடிக்கவும் இருக்கணும். ஸ்டாஃப் தன் மேல இருக்குற புரோட்டீன் ஏ-யால ஆன்டிபாடிய மாத்தி பிடிச்சுக்குது, குடையோட கைப்பிடிய அது வாங்கிக்கிட்டு துணிப்பக்கத்தை நம்ம கையில கொடுத்த கதை. அதையும் தாண்டி முழுங்கினா, அதோட பொன் மஞ்சள் நிறமி அந்த ஆக்ஸிஜன் ஆசிட் தாக்குதலை தாங்கிக்கும். சில ரகம் நியூட்ரோஃபிலுக்கு ஓட்டை போட்டு கொல்ற விஷத்தையும் சுரக்கும். இன்னும் சில முழுங்கின செல்லுக்குள்ளயே சத்தமில்லாம உக்காந்துடும், அங்க வான்கோமைசின் சரியா நுழையாது, ரொம்ப பெரிய மூலக்கூறு அது. நாலு நாள் கழிச்சு அந்த செல் செத்தா வெளிய வரும். உங்க அப்பாவுக்கு திரும்ப வந்ததுக்கு எலும்பு ஒரு காரணமா இருக்கலாம்னா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், பல சமயம் ரெண்டும் சேந்தேதான் வரும்.

நீங்க படிச்ச செய்தி அனேகமா ஆஸ்திரேலியாவுல மொனாஷ் பல்கலைக்கழகத்துல இருந்து 2021-ல வந்ததா இருக்கும். அவங்க பண்ணது கேக்க ரொம்ப எளிமை: வான்கோமைசின் போய் கிருமியோட சுவர்ல ஒட்டும் இல்லையா, அதோட வால்ல நான் மேல சொன்ன அந்த ஃபார்மைல் துண்டை கோத்து விட்டாங்க. இப்போ மருந்து போய் ஒட்டுற கிருமி எல்லாம் நியூட்ரோஃபிலுக்கு வாடை வீசும். மனுஷ நியூட்ரோஃபிலை மைக்ரோ சிப்ல ஓட விட்டு பாத்தாங்க, அதிகமா வந்துச்சு, அதிகமா முழுங்குச்சு, எலிக்கு வந்த நுரையீரல் ஸ்டாஃப் இன்ஃபெக்ஷன்லயும் வெறும் வான்கோமைசினை விட நல்லா கேட்டுச்சு. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா மருந்து உடம்பு முழுக்க எச்சரிக்கை மணி அடிக்கல, கிருமி எங்க இருக்கோ அங்க மட்டும் அடிக்குது. எனக்கு உறுத்தற கேள்வியும் ஒண்ணு இருக்கு, அந்த ரிசப்டரை அடைக்கிற ரகமா இருந்தா எவ்வளவு தூரம் போகும்? சுகர்ல ஏற்கனவே மந்தமான நியூட்ரோஃபிலை கூப்பிட்டா அது வந்து என்ன செய்யும்? எலி இளசு, ஆரோக்கியமானது, உங்க அப்பா அப்படி இல்ல.

இன்னொரு வழி செல்லுக்குள்ள ஒளிஞ்ச கிருமிக்கு. ஜெனன்டெக் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் 2015-ல நேச்சர் இதழ்ல போட்டது, எனக்கு இதுதான் ரொம்ப அழகான யோசனையா படுது. ஸ்டாஃப் சுவர்ல ஒட்டுற ஒரு ஆன்டிபாடி, அதுல ரிஃபாம்பிசின் குடும்பத்து மருந்து ஒண்ணை கோத்திருக்காங்க, கோத்த நிலையில அந்த மருந்து வேலை செய்யாது. ஆன்டிபாடி ஒட்டின கிருமிய வெள்ளை அணு முழுங்குது, முழுங்கின பைக்குள்ள இருக்குற கத்தெப்சின்ங்கற நொதி அந்த இணைப்பை வெட்டுது, மருந்து அங்கயே, கிருமி பதுங்குற அதே அறைக்குள்ளயே விடுதலை ஆகுது. எலியில வான்கோமைசினை விட நல்லா வேலை செஞ்சுது. அதே ஆராய்ச்சியில அவங்க செல்லுக்குள்ள இருக்குற ஸ்டாஃபை எலிக்கு ஏத்தி, கூடவே வான்கோமைசினும் கொடுத்து பாத்தாங்க, வான்கோமைசின் இருந்தும் இன்ஃபெக்ஷன் பிடிச்சுக்கிச்சு, செல் ஒரு ஒளிவிடம்ங்கறதுக்கு அது நேரடி சாட்சி. மனுஷங்ககிட்ட முதல் கட்ட பாதுகாப்பு சோதனை வரைக்கும் போச்சு, மருந்தா இன்னும் வெளிய வரல.

மூணாவதா, கிருமியோட ஆயுதத்தை மட்டும் பிடுங்கறது. அந்த பொன் நிறமி சொன்னேனே, அதை ஸ்டாஃப் தயாரிக்கிற வழியில ஒரு நொதி நம்ம உடம்பு கொலஸ்ட்ரால் தயாரிக்கிற வழியில இருக்குற நொதிக்கு நெருங்கின சொந்தம். 2008-ல சயன்ஸ் இதழ்ல ஒரு குழு கொலஸ்ட்ராலுக்காக கண்டுபிடிச்சு மனுஷங்களுக்கும் கொடுத்து பாத்த ஒரு பொருளை ஸ்டாஃப் மேல போட்டு பாத்தாங்க, மஞ்சளா வளர வேண்டிய கிருமி வெள்ளையா வளந்துச்சு, மனுஷ ரத்தத்துலயும் எலியிலயும் சுலபமா செத்துச்சு. மருந்து கிருமிய தொடவே இல்ல, கவசத்தை மட்டும் கழட்டி விட்டுச்சு, அடிச்சது உடம்பு. இப்படி பண்ணா கிருமிக்கு உடனே மாறி தப்பிக்கணும்ங்கற அழுத்தம் கம்மிதான்னு சொல்வாங்க. கம்மியா இருக்கலாம், சுத்தமா இல்லாம போகும்னு நான் நம்பல, வெள்ளை அணு அடிக்கிற அடியும் அழுத்தம்தானே.

பாக்டீரியாவை கொல்ற வைரஸ் வைத்தியம், அதான் ஃபேஜ், அதுகூட தனியா நிக்கறதில்ல. 2017-ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட் பக்கம் வந்த ஆராய்ச்சியில நியூட்ரோஃபில் இல்லாத எலிக்கு ஃபேஜ் கொடுத்தும் நுரையீரல் இன்ஃபெக்ஷன் அடங்கல.

இதெல்லாம் எதிர்காலம்னு நினைச்சுடாதீங்க, இந்த வழியில ஏற்கனவே கையில இருக்குறதும் இருக்கு. சிஜிடி உள்ளவங்களுக்கு வெள்ளை அணுவை தூண்டற இன்டர்ஃபெரான் காமா ஊசி போட்டு பாத்த ட்ரையல் 1991-ல வந்துச்சு, ஊசி போட்ட 63 பேர்ல 14 பேருக்கு பெரிய இன்ஃபெக்ஷன் வந்துச்சு, போலி ஊசி போட்ட 65 பேர்ல 30 பேருக்கு. கீமோதெரபியில வெள்ளை அணு விழுந்தவங்களுக்கு ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டு நியூட்ரோஃபிலை ஏத்துறது இன்னிக்கு சாதாரண விஷயம்.

உடனே நீங்க கேப்பீங்க, அப்போ அந்த ஜி-சிஎஸ்எஃப்பை அப்பாவுக்கு போடலாமேன்னு. ஏற்கனவே போட்டு பாத்தாச்சு. சுகர் கால் இன்ஃபெக்ஷனுக்கே அஞ்சு சின்ன ட்ரையல் நடந்துச்சு, மொத்தம் 167 பேர், எல்லாத்தையும் இப்படி ட்ரையல்களை தொகுத்து மதிப்பிடுற கோக்ரேன் குழு சேத்து பாத்துச்சு. விரல் எடுக்கறது, ஆபரேஷன் பண்றது கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது, ஆனா இன்ஃபெக்ஷன் சீக்கிரம் ஆறல, புண்ணும் சீக்கிரம் மூடல. 2023 சர்வதேச வழிகாட்டுதல் இதை சேக்க வேண்டாம்னுதான் சொல்லுது. யோசிச்சா நியாயம்தான், அப்பாவுக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கையில குறை இல்ல, ரத்த அணுக்களை எண்ணுற சிபிசி ரிப்போர்ட்டை எடுத்து பாருங்க, அனேகமா நார்மலாவோ அதிகமாவோதான் இருக்கும். வேலை செய்யறதுலதான் குறை, போய் சேர்றதுலதான் குறை.

இதனாலதான் இம்யூனிட்டி ஏத்தறதுங்கற பேச்சை கேட்டாலே எனக்கு எரிச்சல் வருது. இம்யூனிட்டி ஒரு டேங்க்ல இருக்குற தண்ணி மட்டம் கிடையாது, ஏத்தவும் இறக்கவும். சித்தப்பாகிட்ட இதை மரியாதையா சொல்லுங்க, அவர் அக்கறையிலதான் வாங்கிட்டு வந்தார். ஸ்டாஃபுக்கு எதிரா மெர்க் கம்பெனி ஒரு தடுப்பூசி செஞ்சாங்க, இதய ஆபரேஷன் பண்ணிக்கப் போற 8,000 பேருக்கு மேல வச்சு ட்ரையல், ஆன்டிபாடி நல்லா ஏறுச்சு, ஆனா இன்ஃபெக்ஷன் குறையல, அதைவிட மோசம், ஊசி போட்டும் ஸ்டாஃப் வந்தவங்க அதிகமா செத்தாங்க. பாதியில நிறுத்திட்டாங்க. கேன்சருக்கு இம்யூனிட்டியோட பிரேக்கை எடுத்து விடுற பிடி-1 மருந்துகள் இருக்கு இல்லையா, அதை போட்டுக்கிட்ட சிலருக்கு உள்ள தூங்கிட்டு இருந்த டிபி முழிச்சுக்கிச்சு. நேர் எதிரா, மூளைக்காய்ச்சல் டிபியில இம்யூனிட்டிய அடக்குற டெக்ஸாமெதசோனை டிபி மருந்தோட சேத்து கொடுத்தா உயிர் பிழைக்கிறவங்க அதிகம், 2004-ல வியட்நாம்ல 545 பேர்கிட்ட பண்ண ட்ரையல்ல செத்தவங்க 41 சதவீதத்துல இருந்து 32 சதவீதமா குறைஞ்சுது. ஒரு இடத்துல தூண்டணும், ஒரு இடத்துல அடக்கணும், இன்னொரு இடத்துல கிருமியோட தந்திரத்தை மட்டும் உடைக்கணும், எது எங்கன்னு ஒரு டப்பா கேப்ஸ்யூலுக்கு தெரியாது. அதுல என்ன இருக்குன்னு முழுசா லேபிள்ல இருக்கான்னு பாருங்க, இப்படி விக்கிற சில பொருள்ல ரகசியமா ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கு, அது சுகரையும் ஏத்தும், வெள்ளை அணுவையும் படுத்தும். வான்கோமைசின் வேற கிட்னிய தொந்தரவு பண்ணக்கூடியது, அதோட தெரியாத பொருளை சேக்கறது ஆபத்து. அதனால வேண்டாம். ஏற்கனவே ஒண்ணு ரெண்டு சாப்பிட்டிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம டப்பாவையே கொண்டு போய் காட்டுங்க.

இப்போ கையில என்ன இருக்குன்னு கேட்டா, வெள்ளை அணுவுக்கு கைகொடுக்குற வைத்தியம் அப்பாவுக்கு இன்னிக்கே இருக்கு, பேர்தான் கவர்ச்சியா இல்ல. முதல்ல சுகர். ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கும்போது நியூட்ரோஃபில் நகர்றதும், முழுங்கறதும், கொல்றதும் எல்லாமே மந்தமாகுது, சுகரை இறக்கினா அதுல நல்ல பகுதி திரும்ப கிடைக்குது. இன்ஃபெக்ஷன் இருக்குற வரைக்கும் மாத்திரை போதாம கொஞ்ச நாள் இன்சுலின் தேவைப்படலாம், இன்சுலின்னு சொன்னதும் அப்பா முகம் சுளிச்சா இதை சொல்லுங்க, இது அவர் நியூட்ரோஃபிலுக்கு போடுற ஊசி. ரெண்டாவது ரத்த ஓட்டம். 10,000 கோடி அணு தயாராகி என்ன பிரயோஜனம், பெருவிரலுக்கு போற குழாய் அடைச்சிருந்தா? அணுவும் போகாது, மருந்தும் போகாது. கணுக்கால், பெருவிரல் பிரஷர் பாக்கச் சொல்லுங்க, கம்மியா இருந்தா ரத்தக்குழாய் டாக்டரை பாக்கணும், அடைப்பை எடுத்தப்புறம்தான் பல பேருக்கு அதே மருந்து கேக்கவே ஆரம்பிக்குது. அப்பா சிகரெட் பிடிக்கிறவரா இருந்தா இங்கயே நிறுத்தணும், இதுல பேரம் கிடையாது.

மூணாவது, செத்த சதைய வெட்டி எடுக்கறது. வலிக்கும்னு, புண் பெருசாகும்னு பயப்படுவாங்க, ஆனா ரத்தம் ஓடாத செத்த சதைக்குள்ள ஒரு வெள்ளை அணு கூட போகாது, கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எலும்புல இருக்குன்னு தெரிஞ்சா அந்த எலும்புத் துண்டுல இருந்தே சாம்பிள் எடுத்து கல்ச்சர் பண்ண முடியுமான்னு கேளுங்க, மேலாக துடைச்சு எடுத்த சீழ் ரிப்போர்ட்டும் உள்ள எலும்புல இருக்குறதும் எப்பவும் ஒண்ணா இருக்காது. சில சமயம் ஒரு சின்ன எலும்புத் துண்டை எடுத்துட்டு மூணு வாரம் வரைக்கும் மருந்து போடறது, எடுக்காம ஆறு வாரம் போடறதை விட அப்பாவுக்கு சுலபமா இருக்கலாம், அதை சர்ஜன் காலை நேர்ல பாத்துதான் சொல்ல முடியும். அப்புறம் அந்த இடத்துல பாரம் விழாம பாத்துக்கறது, அதுக்குன்னு ஸ்பெஷல் செருப்போ கட்டோ கொடுப்பாங்க, நரம்பு மரத்துப்போனதால அவருக்கு வலிக்காது, வலிக்காததால வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடப்பார், ஒவ்வொரு அடியும் ஆறுற இடத்தை பிச்சு விடும். வீட்டுல சண்டை போட்டாவது இதை பிடிச்சுக்கங்க. விட்டமின், ஜிங்க் எல்லாம் டெஸ்ட்ல குறைன்னு வந்தா போடட்டும், குறை இல்லாதவங்களுக்கு அதிகமா கொடுத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல.

எந்த ஆஸ்பத்திரியிலாவது புது மருந்து ட்ரையல்னு உங்களை அணுகினா பயந்து ஓட வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்தும் போட வேண்டாம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கா, அப்பாவுக்கு வழக்கமான ஆன்டிபயாடிக் கூடவே இது சேந்து போகுமா இல்ல அதுக்கு பதிலாவா, நடுவுல விலகிக்கலாமா, பக்கவிளைவு வந்தா செலவு யாரோடது, இவ்வளவும் எழுத்துல இருக்கணும். ட்ரையல்ல சேர்றதுக்கு உங்ககிட்ட மருந்துக்கு காசு கேட்டா எழுந்து வந்துடுங்க.

புண்ணை தினமும் பாருங்க, அப்பாவால அடிப்பாதத்தை குனிஞ்சு பாக்க முடியாது, நீங்களோ அம்மாவோ பாக்கணும், மொபைல்ல ஒரே வெளிச்சத்துல தினம் ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சா டாக்டருக்கும் உதவும். புண்ணோரத்துல இருந்து சிவப்பு ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல பரவினா, விரல் கருக்க ஆரம்பிச்சா, கெட்ட வாடை வந்தா, காய்ச்சல் குளிர் வந்தா, காரணம் தெரியாம சுகர் திடீர்னு எகிறினா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் வச்சுக்காம அன்னிக்கே கூட்டிட்டு போங்க, ராத்திரியா இருந்தாலும் சரி.